அலபாமா வேலைய விட்டுட்டு சின்ன காலேஜுக்கு போன சிக்னெட்டி: தெளிவான முடிவா, காலம் கை கொடுத்ததா?

கொலம்பஸ்_குமரன்:
அமெரிக்கன் காலேஜ் ஃபுட்பால் பாக்கறவங்க இருக்கீங்களா, ஒரு விஷயம் பேசணும். கர்ட் சிக்னெட்டி 2007ல இருந்து 2010 வரைக்கும் அலபாமா யூனிவர்சிட்டில ஹெட் கோச் நிக் சேபன்கிட்ட ரிசீவர் கோச் (பந்த பிடிக்கற ஆட்டக்காரங்களுக்கு), புது ஆட்டக்காரங்கள தேடி எடுக்கற ரெக்ரூட்டிங் பொறுப்பும் சிக்னெட்டிகிட்டதான். 2009ல சாம்பியன்ஷிப்பும் ஜெயிச்சாச்சு. அந்த வேலைய விட்டுட்டு 2011ல கீழ்மட்ட போட்டியான டிவிஷன் 2ல ஆடற ஐயூபிக்கு (இந்தியானா யூனிவர்சிட்டி ஆஃப் பென்சில்வேனியா) ஹெட் கோச்சா போனாரு, பென்சில்வேனியால இந்தியானான்னு ஒரு சின்ன ஊர்ல இருக்கற காலேஜ். அப்போ வயசு 49, சம்பளமும் கம்மி. அங்க ஆறு வருஷம், அப்புறம் ஈலான் ரெண்டு வருஷம், ஜேம்ஸ் மேடிசன் அஞ்சு வருஷம், அப்புறம்தான் 62 வயசுல இந்தியானா யூனிவர்சிட்டி (இது இந்தியானா மாநிலத்துல இருக்கறது, அந்த சின்ன ஊர் காலேஜ் வேற). 2023ல 3 வெற்றி 9 தோல்வி, அதாவது 3-9ன்னு முடிச்ச டீம் அது, வரலாறு முழுக்க சேத்த தோல்வி கணக்குல நாட்டுலயே முதல் இடத்துல இருந்த டீம். அத 2024ல 11-2, 2025 சீசன்ல 16-0, தேசிய சாம்பியன். என்னோட கருத்து இதுதான், ஹெட் கோச் வேலைய அசிஸ்டென்டா இருந்து கத்துக்க முடியாது, எவ்ளோ சின்ன இடமானாலும் போய் உக்காந்தாதான் வரும்.

டெக்சஸ்_மதுரைக்காரன்:
குமரன் ப்ரோ, ஜெயிச்சவர மட்டும் வச்சு பேசறீங்க. 49 வயசுல டிவிஷன் 2க்கு போன எத்தனை பேர் அங்கயே இருந்து ரிட்டயர் ஆயிருப்பாங்க, அவங்க பேரு நமக்கு தெரியவே தெரியாது. கர்பி ஸ்மார்ட்ட பாருங்க. அலபாமால 2007ல இருந்து 2015 வரைக்கும் சேபன் கூடவே இருந்தாரு, அதுல பெரும்பகுதி டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர், அதாவது எதிரணிய தடுக்கற பக்கத்துக்கு பொறுப்பான அசிஸ்டென்ட். நடுவுல எங்கயும் ஓடல. தான் ஆடின ஜார்ஜியாவே கூப்பிட்டப்போ போனாரு, 2021, 2022 ரெண்டு சீசனும் சாம்பியன். அதுக்கு முன்னாடி ஒரு நாள் கூட ஹெட் கோச்சா இருந்ததில்ல. இதுக்கு என்ன சொல்றீங்க?

கொலம்பஸ்_குமரன்:
ஸ்மார்ட் விதிவிலக்குன்னுதான் சொல்வேன். அதே சேபன்கிட்ட கோஆர்டினேட்டரா இருந்து நேரா பெரிய இடத்துக்கு போன ஜெரமி ப்ரூயிட் டென்னசில மூணே சீசன், 2021 ஜனவரில அனுப்பிட்டாங்க. வில் மஸ்சேம்ப் 2011ல ஃப்ளோரிடா போனாரு, 2014லயே முடிஞ்சுபோச்சு. ரெண்டு பேரும் டிஃபென்ஸ்ல கெட்டிக்காரங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா கோஆர்டினேட்டர் வேலைங்கறது ஒரு பக்கம் மட்டும்தான், ஹெட் கோச்சுக்கு முழு டீமும், ஸ்டாஃப் யார எடுக்கறது, பணம் கொடுக்கற பழைய மாணவங்க, யூனிவர்சிட்டி நிர்வாகம், நாலாவது டவுன்ல, அதாவது கடைசி முயற்சில, ரிஸ்க் எடுத்து போறதா வேண்டாமா எல்லாமே தலைமேல வரும். இதெல்லாம் முதல் தடவையா ஒரு லட்சம் பேர் முன்னாடி கத்துக்கறது எவ்ளோ கஷ்டம்.

பிட்ஸ்பர்க்_நிலா:
ஒரு விஷயத்த ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. ஐயூபி அவருக்கு ஏதோ முன்ன பின்ன தெரியாத ஊர் இல்ல. அவங்க அப்பா ஃப்ராங்க் சிக்னெட்டி 1986ல இருந்து 2005 வரைக்கும் அங்கதான் ஹெட் கோச். அதுக்கு முன்னாடி வெஸ்ட் வர்ஜீனியால ஹெட் கோச்சா இருந்தப்போ அவர்கிட்ட அசிஸ்டென்டா இருந்தவர்தான் நிக் சேபன்! அதனால சிக்னெட்டி அலபாமாக்கு போனதும் சரி, அங்கிருந்து ஐயூபிக்கு போனதும் சரி, ரெண்டுக்கும் பின்னாடி குடும்பம் இருக்கு. எல்லா அசிஸ்டென்டும் இத மாதிரி பண்ணலாம்னு சொல்றது எனக்கு சரியா படல. சொந்த ஊர்ல அப்பா பேர் இல்லாத ஒரு ஆள் சம்பளத்த குறைச்சுக்கிட்டு, வீட்டுக்காரம்மா வேலைய விட்டு, பிள்ளைங்க ஸ்கூல் மாத்தி போறதுன்னா அது வேற கணக்கு.

டெக்சஸ்_மதுரைக்காரன்:
நிலா அக்கா சொன்னது பாயின்ட். இன்னொன்னு யாரும் பேசல, ட்ரான்ஸ்ஃபர் விதி. 2021க்கு முன்னாடி ஒரு பையன் காலேஜ் மாறினா பொதுவா ஒரு வருஷம் வெளிய உக்காரணும். இப்போ உடனே ஆடலாம், தன் பேர விளம்பரத்துக்கு கொடுத்து காசும் வாங்கலாம். சிக்னெட்டி இந்தியானா வந்தப்போ ஜேம்ஸ் மேடிசன்ல இருந்து பதிமூணு பேர கூடவே கூட்டிட்டு வந்தாரு. கமாரா, பாண்ட்ஸ், ஃபிஷர், சாரட் எல்லாரும் அப்படி வந்தவங்கதான். பந்த எறியற குவார்ட்டர்பேக் மென்டோசா கலிஃபோர்னியா யூனிவர்சிட்டில இருந்து வந்தாரு, வந்த வருஷமே சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருத வாங்கிட்டாரு. இதே ஆளு 2010ல இந்தியானாக்கு வந்திருந்தா ஸ்கூல் பசங்கள ஒவ்வொருத்தரா பிடிச்சு நாலு வருஷம் வளர்க்கணும், அதுக்குள்ள வேலையே போயிருக்கும். திறமை இல்லன்னு சொல்லல, காலம் மாறினது அவருக்கு வசதியா போச்சுன்னு சொல்றேன்.

கொலம்பஸ்_குமரன்:
ட்ரான்ஸ்ஃபர் விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே ப்ரோ, அவர விட பத்து மடங்கு காசு வச்சிருந்தவங்க எல்லாம் அதே சந்தைலதான் ஆள் எடுத்தாங்க. யார எடுக்கணும்ங்கற கண்ணு எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க, என் வாதமே அங்கதான் இருக்கு. டிவிஷன் 2ல மொத்த டீமுக்கும் சேத்து 36 ஸ்காலர்ஷிப் அளவுதான் கொடுக்க முடியும், அத பாதி கால்னு பிச்சு பிச்சு நிறைய பேருக்கு கொடுப்பாங்க, அலபாமால அப்போ 85 முழு ஸ்காலர்ஷிப். கைல அவ்ளோதான் இருக்குன்னா ஒரு ஆள தப்பா எடுத்தாலும் அடி விழும். அங்க ஆறு வருஷம் ஓட்டினவருக்கு உயரம், எடை, ஸ்கூல் பசங்களுக்கு போடற ஸ்டார் ரேட்டிங்னு மயங்கற பழக்கம் போயிடும். வளந்தா நல்லா வருவான்னு நம்பறத விட ஏற்கனவே ஆடி காட்டினவன எடுன்னுதான் அவரு எப்பவும் சொல்லுவாரு. ட்ரான்ஸ்ஃபர் சந்தைல வேண்டியதும் அதே கண்ணுதான், அத அலபாமால உக்காந்து கத்துருக்கவே முடியாது, ஏன்னா அங்க வர்ற பையன் எல்லாருமே அஞ்சு ஸ்டார் நாலு ஸ்டார்தான்.

ராஜி_சியாட்டில்:
இத்தன நேரம் படிச்சுட்டு மட்டும் இருந்தேன். டான் லேனிங்க யாரும் சொல்லலியே. 2015ல அலபாமால கிராஜுவேட் அசிஸ்டென்ட், அதாவது கோச்சிங் ஏணில கடைசி படி. அப்புறம் மெம்ஃபிஸ், ஜார்ஜியா கோஆர்டினேட்டர், 2022ல ஓரிகான் ஹெட் கோச். சின்ன காலேஜ் ஹெட் கோச் வேலைக்கு போகவே இல்ல. 2024ல பிக் டென் லீக்ல ஒரு மேட்ச் கூட தோக்காம சாம்பியன். மெதுவா போற வழிதான் ஒரே வழின்னு சொன்னா இந்த மாதிரி ஆள எங்க வைக்கறது?

கொலம்பஸ்_குமரன்:
லேனிங் நல்ல கோச்தான் ராஜி. ஆனா 2025 சீசன் ப்ளேஆஃப் செமி ஃபைனல்ல சிக்னெட்டி அவர 56-22ன்னு அடிச்சாரு, அதே சீசன் அக்டோபர்ல ஓரிகான் மைதானத்துலயே 30-20. அதுக்கு முந்தின ரவுண்ட்ல ரோஸ் பௌல்ல (பௌல்னா சீசன் முடிவுல நடக்கற சிறப்பு மேட்ச்) அலபாமாவ 38-3. அலபாமாவோட இப்போதைய கோச் டிபோர் கூட சின்ன இடத்துல இருந்து வந்தவர்தான், சூ ஃபால்ஸ்னு ஒரு சின்ன காலேஜ்ல ஹெட் கோச்சா 67 ஜெயிச்சு மூணு தோத்தவரு.

டெக்சஸ்_மதுரைக்காரன்:
அப்போ உங்க வழில வந்த ஒருத்தர் உங்க வழில வந்த இன்னொருத்தர அடிச்சிருக்காரு, அது எப்படி உங்க பக்கத்து ஆதாரம் ஆகும்? ஸ்காட் ஃப்ராஸ்ட்ட மறந்துட்டீங்க. யூசிஎஃப் (சென்ட்ரல் ஃப்ளோரிடா யூனிவர்சிட்டி) 0-12ல கிடந்தத ரெண்டாவது வருஷமே 13-0 ஆக்கினாரு. சொந்த காலேஜ் நெப்ராஸ்கா சிவப்பு கம்பளம் விரிச்சுது. அங்க 16-31, 2022 சீசன் ஆரம்பிச்சு மூணு மேட்ச்லயே வெளிய. சின்ன இடத்துல ஜெயிச்சவன் பெரிய இடத்துலயும் ஜெயிப்பான்னு ஒண்ணும் இல்ல.

கொலம்பஸ்_குமரன்:
ஃப்ராஸ்ட் ஹெட் கோச்சா இருந்தது ரெண்டே வருஷம் ப்ரோ. சிக்னெட்டி பதிமூணு வருஷம், மூணு காலேஜ். நான் சொல்றது சின்ன இடம்ங்கறத விட அந்த வருஷங்கள. தோத்த வாரம் என்ன பண்ணணும், ஸ்டாஃப்ல ஒருத்தர் விட்டுட்டு போனா என்ன பண்ணணும்னு ரெண்டு நல்ல வருஷத்துல தெரியாது.

பிட்ஸ்பர்க்_நிலா:
2025 சீசன் ஃபைனல்ல சிக்னெட்டிக்கு எதிர்ல நின்னது யாருன்னு பாருங்க, மயாமி கோச் மாரியோ கிறிஸ்டோபால். அவரு போனது அப்படியே தலைகீழ். 2007ல எஃப்ஐயூன்னு ஒரு சின்ன டீமுக்கு ஹெட் கோச், 0-12ல இருந்தத கைதூக்கி விட்டு அந்த காலேஜுக்கே முதல் பௌல் வெற்றிய வாங்கி கொடுத்தாரு, ஆனா 2012ல ஒரு மோசமான சீசன் வந்ததும் தூக்கிட்டாங்க. அதுக்கப்புறம் சேபன்கிட்ட அசிஸ்டென்டா போய் நாலு வருஷம் இருந்து, ஓரிகான் போய், கடைசில தான் ஆடின மயாமிக்கே வந்தாரு. அந்த ஃபைனல் 27-21ன்னு கடைசி நிமிஷம் வரைக்கும் போன மேட்ச். அப்போ ஹெட் கோச்சா இருந்துட்டு திரும்ப இறங்கி கத்துக்கறதும் வழிதானே? எனக்கென்னமோ ரெண்டு அனுபவமும் இருந்தவங்கதான் அந்த மைதானத்துல நின்னாங்கன்னு தோணுது, எது முன்னாடி எது பின்னாடிங்கறது ஆளுக்கு ஆள் மாறும்.

டெக்சஸ்_மதுரைக்காரன்:
அக்கா சொல்றத ஏத்துக்கறேன். ஆனா 35 வயசு கோஆர்டினேட்டர் ஒருத்தர் வந்து டிவிஷன் 2 போகவான்னு கேட்டா போகாதன்னுதான் இன்னமும் சொல்வேன். பெரிய இடத்துல இருக்கறவனுக்குதான் போன் வரும்.

கொலம்பஸ்_குமரன்:
நான் போகச் சொல்வேன். அடுத்து பென் ஸ்டேட்ட பாருங்க, மேட் கேம்ப்பெல் வந்திருக்காரு, டொலீடோல நாலு வருஷம், அயோவா ஸ்டேட்ல பத்து வருஷம் ஹெட் கோச். அங்கயும் காசு இருக்கு, ஆள் இருக்கு, இந்தியானா ஆடற அதே பிக் டென்தான். ரெண்டு சீசன் போகட்டும், இதே த்ரெட்ல வந்து பேசுவோம்.