கதையைச் சரிபார்க்கும் கண்: பணிச்சோர்வுக்குப் பின் வாசிப்பு திரும்புமா?

கேள்வி: தேரடி வாசகி, திருவொற்றியூர்

துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி பெற்றுத் தரும் ஒரு க்ளியரிங் ஏஜென்சியில் பதினோரு ஆண்டுகளாக ஆவணப் பிரிவில் இருக்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) மூன்றையும் அருகருகே வைத்து, பெயரும் எடையும் பெட்டிகளின் எண்ணிக்கையும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகு சுங்கத்துக்குத் தரும் இறக்குமதி அறிக்கையான பில் ஆஃப் என்ட்ரியை நிரப்புவது என் வேலை. எட்டு இலக்க வகைப்பாட்டு எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் வரி மாறும். வரி மாறினால் சரக்கு நிற்கும். சரக்கு நின்றால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும். சென்ற ஆண்டு இருவர் வேலையை விட்டுப் போனபின் அவர்களுடைய கோப்புகளும் என் மேசைக்கே வந்து சேர்ந்தன. எட்டு மாதம் தாக்குப்பிடித்தேன். ஒரு நாள் காலை மண்ணடியில் மெட்ரோவை விட்டு இறங்கி, அலுவலக வாசல்வரை நடந்து, படியேற முடியாமல் எதிரே இருந்த டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது நினைவிருக்கிறது, வேறொன்றும் நினைவில்லை.

இரண்டு மாத விடுப்புக்குப் பிறகு இப்போது அரை நாள் வேலைக்குப் போகிறேன். உறக்கம் வந்துவிட்டது, பசியும் வந்துவிட்டது. வாசிப்பு மட்டும் வரவில்லை. சிறு வயதில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் புத்தகத்தோடு ஒதுங்கினால், அம்மா மூன்று முறை கூப்பிட்டும் காதில் விழாத பெண் நான். இன்று நாவலைத் திறந்தால் கண் தானாகச் சரிபார்க்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு கதையில், கரையில் மூன்று படகுகள் நின்றன என்றிருந்தது. நான்கு பக்கம் கழித்து இரண்டு படகுகள் கடலுக்குப் போயின. மூன்றாவது படகு என்னவாயிற்று என்று பின்னோக்கிப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தேன். கதையில் ஒருவன் செத்துப்போயிருந்தான்; அவனைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தினமும் இருபது பக்கம் என்று திட்டம் போட்டுப் பார்த்தேன். மூன்றே நாளில் அதுவும் ஆபீஸாகிவிட்டது. இப்படியே விட்டுக் காத்திருப்பதா, வலிந்து படிப்பதா என்று இதைக் கடந்து வந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர், பழைய வண்ணாரப்பேட்டை

அம்மா, உங்கள் மூன்றாவது படகைப் படித்தபோது சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஈய எழுத்துக் காலத்திலிருந்து முப்பதாண்டுகளுக்கு மேல் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன் நான். மூலப்படியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே ஒருவர் "கால்புள்ளி", "முற்றுப்புள்ளி", "பத்தி" என்று குறிகளையும் சேர்த்து உரக்கப் படிப்பார். நான் அளவுகோலை வரிக்கு அடியில் நகர்த்திக்கொண்டே போவேன். பொருளில் மனம் போனால் பிழை தப்பிவிடும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். அவ்வளவு காலம் பொருளைப் பார்க்காமலிருக்கப் பழகிய கண், வீட்டுக்கு வந்ததும் எப்படிப் பொருளைப் பார்க்கும்? 1985-இல் எரிந்துபோவதற்கு முன் மூர் மார்க்கெட்டில் ஆசை ஆசையாக வாங்கிய பழைய புத்தகங்களில்கூட, ஓரத்தில் ணகர னகரத் திருத்தம் போட்டு வைத்திருக்கிறேன். அவற்றைப் பின்னால் வாங்கியவர்கள் என்னைத் திட்டியிருப்பார்கள்.

எனக்கு வழி தற்செயலாகக் கிடைத்தது. என் மனைவிக்குக் கண்புரை முற்றியிருந்த நாள்களில் அவருக்காகப் பத்திரிகையையும், பிறகு சிறுகதைகளையும் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. நாக்கு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவதால் கண்ணுக்குத் தங்கிப் பிழை தேட நேரம் கிடைப்பதில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்து அவருக்குப் பார்வை திரும்பிய பிறகும், "நீங்களே படியுங்கள்" என்றார், இன்றும் படிக்கிறேன். ஆகவே யாருக்காவது உரக்கப் படித்துக் காட்டுங்கள். படிக்கும்போது கையெட்டும் தொலைவில் பேனா, பென்சில் எதுவும் வேண்டாம்.

மறுமொழி: செவிலியர், காலடிப்பேட்டை

வாசிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். பர்ன்அவுட் எனப்படும் பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் நோயாகச் சேர்க்கவில்லை. சமாளிக்கப்படாத நாள்பட்ட பணி நெருக்கடியின் விளைவு என்றுதான் வரையறுத்தது. ஆற்றல் வற்றிப்போதல், வேலையின்மேல் விலகலோ கசப்போ வளர்தல், செய்வதில் திறன் குறைந்ததாக உணர்தல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். அந்த வரையறை வேலையோடு நின்றுவிடுகிறது. வாசிப்பில் மட்டுமல்லாமல் சாப்பாடு, பாட்டு, பிள்ளைகளின் பேச்சு எதிலுமே இன்பம் தட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அப்போது புத்தகத்தைத் தேடுவதைவிட மருத்துவரைப் பார்ப்பதுதான் முறை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உறக்கமும் பசியும் திரும்பிவிட்டன என்று எழுதியிருப்பதால் நீங்கள் கரையேறிக்கொண்டிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். இருந்தாலும் உங்களை நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பெரிய தொற்றுக்காலம் முடிந்தபின் எனக்கும் ஓராண்டுக்கு மேல் எதையும் படிக்க முடியவில்லை. உரக்கப் படிக்க வீட்டில் ஆளும் இல்லை. நான் செய்தது இதுதான். மெட்ரோவில் சென்ட்ரல் போகும்போது, புதுவண்ணாரப்பேட்டை வரை பாதை மேலே செல்வதால் வேடிக்கை பார்த்துக்கொண்டே வருவேன். அதைத் தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் இறங்கி சன்னல் கறுத்ததும் புத்தகத்தைத் திறப்பேன். சென்ட்ரல் வந்ததும் பாதி வரியாக இருந்தாலும் மூடிவிடுவேன். வீட்டுக்கு எடுத்துப்போய்த் தொடரக் கூடாது என்பது எனக்கு நானே விதித்த தடை. அந்தத் தடையை மீறவேண்டும் என்ற ஆசை வருவதற்கு நான்கு மாதம் ஆயிற்று.

மறுமொழி: தமிழாசிரியர், தண்டையார்பேட்டை

பெரியவர் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பதினோரு ஆண்டுகள் எண்ணிப் பழகிய கண்ணை எண்ணாதே என்றால் அது மேலும் எண்ணும். எண்ணினால் சரியாக வருகிற ஒன்றை அதற்குக் கொடுத்துப் பாருங்கள் என்பேன்.

நீங்கள் இருப்பது திருவொற்றியூர். கடற்கரையை ஒட்டிப் பட்டினத்தாரின் சமாதிக் கோயில் இருக்கும் ஊர். அவரும் உங்கள் துறையைச் சேர்ந்தவர்தாம் என்று சொன்னால் தவறில்லை: காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வாணிகம் செய்து, சரக்கும் கணக்குமாக இருந்தவர், ஓர் ஓலையில் வந்த ஒற்றை வரியைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கிளம்பினார் என்பது மரபாக வழங்கும் கதை. (வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை.) அவருடைய பாடல்களில் பல கட்டளைக் கலித்துறையில் அமைந்தவை. அந்த யாப்பில் அடிக்கு ஐந்து சீர். புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடியில் 16 எழுத்தும் நிரையசையில் தொடங்கும் அடியில் 17 எழுத்தும் இருக்கும். "கா" என்ற நெடில் தனித்து நிற்பதால் நேரசை, "பிறக்" என்பதில் இரு குறில் இணைவதால் நிரையசை; ஆகவே "காடே" என்று தொடங்கினால் 16, "பிறக்கும்" என்று தொடங்கினால் 17 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு அடிகள்தாம் ஒரு பாட்டு. ஒரு நாளைக்கு ஒன்று போதும். விரல்விட்டு எண்ணிச் சரிபாருங்கள். உங்கள் இன்வாய்ஸைப் போலல்லாமல் இது பொருந்தும். பொருந்தாவிட்டால் யாரும் அபராதம் போடப்போவதில்லை.

பாட்டு கிடைக்கப் பெரிய நூலகம் தேட வேண்டாம். கிளை நூலகமே போதும். வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு தொகை இருக்கிறதே, வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு, அதைக் கட்டிக்கொண்டே நூலகத்துக்குள் கால் வைக்காதவர்கள் நம் பகுதியில் ஏராளம்.

கேட்டவரின் மறுமொழி: தேரடி வாசகி

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். செவிலியர் அம்மா கேட்டதை யோசித்துப் பார்த்து ஒருமுறை மருத்துவரையும் பார்த்தேன். அந்தக் கவலை இல்லை என்றார். உரக்கப் படிப்பது எங்கள் வீட்டில் எடுபடவில்லை. என் மகன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

ஆசிரியர் சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டேன். வீட்டில் முன்பே கிடந்த பட்டினத்தார் பாடல்களின் சிறு நூல் ஒன்றை எடுத்து, அந்த ஓலையில் வந்ததாகச் சொல்லும், எல்லாரும் அறிந்த காதற்ற ஊசி வரியிலிருந்தே எண்ணத் தொடங்கினேன். "காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே" என்று அதில் இருந்தது. கா, த, ற, ஊ, சி என்று விரல் மடக்கிக்கொண்டே போனால் 15-தான் வந்தது. மூன்று முறை எண்ணினேன், 15. முதல் அசை நேர். 16 வந்தாக வேண்டும். நான் விதியைத் தவறாகப் புரிந்துகொண்டேனா, அச்சில் விடுபட்டதா என்று இரவெல்லாம் குடைந்தது. அலுவலகத்தில் அப்படிக் குடைந்தால் வயிறு கலங்கும். அன்று கலங்கவில்லை, சிறு வயதில் விடுகதைக்கு விடை தேடியதைப் போலத்தான் இருந்தது.

மறுநாள் மாலை கிளை நூலகத்தில் வேறொரு பதிப்பை எடுத்துப் பார்த்தேன். "காணுங் கடைவழிக்கே" என்றிருந்தது. ஒரு "ணு". எண்ணினேன்: 16. அலமாரிகளுக்கு நடுவே நின்றபடியே அடுத்த பாட்டையும் எண்ணினேன், அதற்கடுத்ததையும். எத்தனையாவது பாட்டில் விரல் மடங்குவது நின்றது என்று தெரியவில்லை. நூலகர் விசிறிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்து, "அம்மா, எடுத்துக்கிட்டுப் போய் வீட்ல படிங்க" என்றார். எடுத்து வந்துவிட்டேன். நாவல் பக்கம் இன்னும் போகவில்லை.

மறுமொழி: ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர், பழைய வண்ணாரப்பேட்டை

மிக்க மகிழ்ச்சி அம்மா. உங்கள் வீட்டில் கிடந்த அந்தச் சிறு நூலுக்கு மெய்ப்புப் பார்த்தது நானில்லை என்பதை மட்டும் இங்கே பதிவுசெய்துகொள்கிறேன்.