ஜி கார்டு பிடித்தால் ஏ தந்தி மட்டும் 'டொக்' என்கிறது, என்ன செய்யலாம்?

தேன்சிட்டு

யுகுலேலே (கிதார் போலிருக்கும் சின்ன நாலு தந்தி வாத்தியம்) பழக ஆரம்பித்திருக்கிறேன். கான்சர்ட் என்கிற நடுத்தர அளவு, தந்திகள் வழக்கமான ஜி-சி-இ-ஏ ட்யூனிங். ஆசிரியர் கிடையாது, வீடியோ பார்த்துத்தான் பழகுகிறேன். சி, ஏ மைனர் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) இரண்டும் சுத்தமாக வருகின்றன. எஃப் சுமார். ஜி-யில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஆள்காட்டி விரல் சி தந்தியில் இரண்டாவது ஃப்ரெட் (வாத்தியத்தின் கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டம்), நடுவிரல் ஏ தந்தியில் இரண்டாவது, மோதிர விரல் இ தந்தியில் மூன்றாவது. படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், இடம் சரிதான். ஆனால் மீட்டினால் ஏ தந்தி மட்டும் ஒலிப்பதே இல்லை, 'டொக்' என்கிறது. இன்னும் அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரலின் அடிப்பக்கம் வலிக்கிறதே தவிர சத்தம் மாறவில்லை.

இன்னொன்று, எஃப்-இலிருந்து ஜி-க்கு மாறி முடிப்பதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. என் விரல்கள் கொஞ்சம் தடிமன். அதுதான் காரணமோ? இதைவிடப் பெரிய டெனார் வாங்கினால் சரியாகுமா?

மெட்டு

டெனார் வாங்கும் யோசனையைத் தள்ளிவையுங்கள். விரல் தடிமனைக் குறை சொல்லாத ஆரம்பக்காரரை நான் பார்த்ததில்லை. ஹவாயின் பாடகர் இஸ்ரேல் கமகவிவோலே எவ்வளவு பெரிய ஆகிருதி! அவர் மடியில் அந்த வாத்தியம் பொம்மை போல இருக்கும். வாசிப்பில் ஏதாவது குறை தெரிந்ததா?

இரண்டு சோதனை செய்து பார்த்துச் சொல்லுங்கள். வாசிக்கிற நிலையில் உட்கார்ந்து இடது கையை முழுக்க எடுத்துவிடுங்கள். வாத்தியம் நிற்கிறதா, சாய்கிறதா? அப்புறம் ஜி பிடித்து, மோதிர விரலை மட்டும் தூக்கிவிட்டு ஏ தந்தியைச் சுண்டுங்கள். இப்போது ஒலிக்கிறதா?

நாலு தந்தி

அவர் வாசித்ததே டெனார்தானே அண்ணே :) ஆனாலும் நீங்கள் சொல்ல வந்தது சரி. டெனாரில் நீளவாக்கில்தான் இடம் கூடும். சின்ன அளவான சோப்ரானோவில் முதல் ஃப்ரெட்டின் நீளம் 2 செ.மீ.க்கும் குறைவு, டெனாரில் ஏறக்குறைய 2.4 செ.மீ. தந்திக்கும் தந்திக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரிதாக மாறாது. இவருக்கு இடிப்பதோ அந்த இடைவெளியில்.

தேன்சிட்டு

பார்த்துவிட்டேன். இடது கையை எடுத்தால் தலைப்பக்கம் அப்படியே கீழே சாய்கிறது. மோதிர விரலைத் தூக்கினால் ஏ தந்தி நன்றாகவே ஒலிக்கிறது! அப்படியென்றால் மோதிர விரலை எங்கே வைப்பது?

நாலு தந்தி

இடத்தை மாற்ற வேண்டாம். நிற்கிற விதத்தை மாற்ற வேண்டும்.

முதலில் சத்தத்தைப் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். 'டொக்' என்றால் தந்தியை ஏதோ தொட்டுக்கொண்டிருக்கிறது. 'ஜிர்ர்' என்று அதிர்ந்தால் அழுத்தம் போதவில்லை, அல்லது விரல் ஃப்ரெட் கம்பியை விட்டு ரொம்பப் பின்னால் இருக்கிறது. சத்தம் தெளிவாக இருந்தும் சுருதி ஏறியிருந்தால் அழுத்தம் அதிகம், இல்லாவிட்டால் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறீர்கள். உங்களுடையது 'டொக்'. இதற்குப் போய் அழுத்தத்தைக் கூட்டினால் விரல் நுனி நசுங்கி இன்னும் அகலமாகும், பக்கத்துத் தந்தியை இன்னும் நன்றாக அடைக்கும்.

ஜி-யில் நடப்பது இது. நடுவிரல் ஏ தந்தியை இரண்டாவது ஃப்ரெட்டில் பிடித்திருக்கிறது. அங்கிருந்து பிரிட்ஜ் (உடல் பக்கம் தந்தியைத் தாங்கும் கட்டை) வரை அந்தத் தந்தி தடையில்லாமல் அதிர வேண்டும். மோதிர விரல் இ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் நேராக நிற்காமல் படுத்துவிட்டால், அதன் சதை ஏ தந்தியைத் தொடுவது சரியாக அந்த அதிர்கிற பகுதியில். ஆள்காட்டி விரலும் பக்கத்தில் இருக்கிற இ தந்தியில் உரசலாம், ஆனால் அது மூன்றாவது ஃப்ரெட்டுக்கு முன்னால், நட் (தலைப்பக்கம் தந்தி உட்காரும் பட்டை) பக்கம். அதிராத பகுதி என்பதால் ஒன்றும் ஆகாது. அதே விரல் இந்தப் பக்கம் சாய்ந்து, எதுவும் பிடிக்காத ஜி தந்தியைத் தொட்டால்தான் வம்பு. ஆகவே எந்த விரலும் எதையும் தொடக்கூடாது என்று விறைத்துக்கொள்ள வேண்டாம். பார்க்க வேண்டியது மோதிர விரலின் சதையையும், ஆள்காட்டி விரல் ஜி தந்திப் பக்கம் சாய்கிறதா என்பதையும் மட்டும்தான்.

சரி, மோதிர விரல் ஏன் படுக்கிறது? தலைப்பக்கம் சாய்கிறது என்றீர்களே, அதனால்தான். வாத்தியம் விழாமல் இடது கை தாங்கிக்கொண்டிருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நெக் (வாத்தியத்தின் கழுத்து) இறங்கி உட்கார்ந்துவிடுகிறது, உள்ளங்கை அடியில் ஒட்டிக்கொள்கிறது. அந்த நிலையில் விரல் வளைய இடமே கிடையாது, நீட்டிப் படுக்கத்தான் முடியும். சி, ஏ மைனர் இரண்டுக்கும் ஒரு விரல் போதும் என்பதால் அங்கே இது வெளியே தெரியவில்லை. எஃப் சுமாராக வருவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். எஃப் பிடித்துக்கொண்டு ஏ தந்தியை மட்டும் சுண்டிப் பாருங்கள், ஆள்காட்டி விரலின் அடிப்பக்கம் அதை உரசிக்கொண்டிருக்கும்.

அதனால் விரலை விட்டுவிட்டு, வாத்தியத்தை நிறுத்துவதைக் கவனியுங்கள். கை வைக்காத நாற்காலியில் உட்காருங்கள். யுகுலேலேயின் அடி விளிம்பு வலது தொடை மேல், அதன் முதுகு மார்பில் சாய்ந்து, வலது முன்கை மேல் விளிம்பை லேசாக அணைத்தபடி. தலைப்பக்கம் தோளை நோக்கிச் சற்று உயரட்டும். இடது கை இல்லாமலேயே, விரல் வைக்காத திறந்த தந்திகளை ஸ்ட்ரம் செய்ய (சேர்த்து மீட்ட) வர வேண்டும். அது வருகிறவரை ஜி-யைத் தொடாதீர்கள். பொறுமை இல்லையென்றால் ஸ்ட்ராப் போட்டுவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு முனையிலும் மாட்டுகிற வகை நல்லது. ஒலித்துளையில் கொக்கி மாட்டுகிற வகையில் இரண்டு கையையும் விட்டால் வாத்தியம் முன்பக்கமாகக் கவிழும்.

இனி இடது கை. கட்டைவிரலை நெக்கின் பின்னால் முதல், இரண்டாவது ஃப்ரெட்டுகளுக்கு நேராக வையுங்கள். நெக்கின் அடிக்கும் கைக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். மணிக்கட்டு கொஞ்சம் முன்னால் வரும், ஆனால் மடங்கி ஒடிகிற அளவுக்குப் போகக்கூடாது. விரல்களின் நுனி மூட்டு வளைந்திருக்கட்டும். நகம் வளர்ந்திருந்தால் இதெல்லாம் நடக்காது: மேசையில் விரலைச் செங்குத்தாக ஊன்றினால் நகத்துக்கு முன்னால் சதை பட வேண்டும், அந்த அளவுக்கு வெட்டிவிடுங்கள்.

எவ்வளவு அழுத்துவது? தந்தி மேல் விரலைச் சும்மா வைத்துச் சுண்டுங்கள், 'டொக்'. சுண்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். 'ஜிர்ர்' வரும், அப்புறம் திடீரென்று தெளியும். அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நைலான் தந்திக்கு இவ்வளவு குறைவாகப் போதுமா என்று ஆச்சரியமாக இருக்கும். ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல், ஆனால் அதன் மேல் ஏறாமல் விரல் இருந்தால் இன்னும் குறையும்.

கிதார் வீட்டுப்பிள்ளை

எல்லாம் சரி, கட்டைவிரல் விஷயத்தில் மட்டும் நான் உடன்பட மாட்டேன். கட்டைவிரல் பின்னால்தான் இருக்க வேண்டும் என்பது கிளாசிக்கல் கிதார் பாடம். யுகுலேலே நெக் ஒல்லி. சி, ஏ மைனர், ஏ7 மாதிரி கார்டுகளுக்குக் கட்டைவிரல் மேலே எட்டிப் பார்த்தால் ஒரு குற்றமும் இல்லை, நிறைய நல்ல வாசிப்பாளர்கள் அப்படித்தான் பிடிக்கிறார்கள்.

நாலு தந்தி

ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றிரண்டு விரல் கார்டுக்கு எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். ஜி, பி ஃப்ளாட் வரும்போது பின்னால் இறங்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒரே இடத்தில் ஒட்டவைப்பதை நானும் சொல்லவில்லை.

பட்டறை

வாத்தியத்தையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். விலை குறைந்தவற்றில் நட்டின் பள்ளம் ஆழம் போதாமல் தந்தி உயரமாக நிற்கும். முதல் ஃப்ரெட்டில் பிடிக்கும்போதுதான் கை அதை உணரும், அதனால் எஃப்-இல் தெரியும். தந்தியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட் கம்பிக்கும் தந்திக்கும் நடுவே பாருங்கள். ஒரு தாள் நுழைகிற அளவு இடைவெளி போதும். நன்றாகவே இடைவெளி தெரிந்தால் உயரம் அதிகம்.

ட்யூனர் (சுருதி காட்டும் கருவி) வைத்தும் கண்டுபிடிக்கலாம். இ தந்தியைச் சரியாக ட்யூன் செய்துவிட்டு, முதல் ஃப்ரெட்டில் மென்மையாகப் பிடித்துச் சுண்டினால் எஃப் நேராகக் காட்ட வேண்டும். முள் தெளிவாக ஏறி நின்றால் சந்தேகமே வேண்டாம். சி தந்தியிலும் இதே போலப் பாருங்கள். இப்படி இருந்தால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள், வீட்டில் அரம் எடுக்க வேண்டாம். ஒரு இழை அதிகமாகத் தேய்ந்துவிட்டால் பிடிக்காத தந்தி முதல் ஃப்ரெட்டில் அடித்து அதிரும், அப்புறம் நட்டையே மாற்ற வேண்டிவரும்.

தேன்சிட்டு

நட் பரவாயில்லை போலிருக்கிறது, எஃப் கிட்டத்தட்ட நேராகக் காட்டுகிறது. ஸ்ட்ராப் மாட்டி உட்கார்ந்தவுடன் உள்ளங்கை தானாக விலகிக்கொண்டது. ஜி-யில் ஏ தந்தி இப்போது பெரும்பாலும் ஒலிக்கிறது. விரல் நுனி எரிச்சல் இருக்கிறது, கட்டைவிரல் வலி குறைந்திருக்கிறது. எஃப்-ஜி மாற்றம் மட்டும் அப்படியே!

மெட்டு

நுனி எரிச்சல் எல்லாருக்கும் வருவது, சில வாரங்களில் தோல் பழகிவிடும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராமல் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கைகழுவின ஈரத்தோடு வாசித்தால் எரிச்சல் கூடும். ஆனால் மணிக்கட்டு, கட்டைவிரல் மூட்டு வலித்தால் அன்றைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். அது பழகுகிற வலி இல்லை.

எஃப்-இலிருந்து ஜி கஷ்டமாக இருப்பதற்குக் காரணம், அதில் ஒரு விரல்கூட இருந்த இடத்தில் இருப்பதில்லை. அதனால் இப்போதைக்கு ஜி-க்குப் பதில் ஜி7 வாசியுங்கள். 0212, அதாவது ஜி-சி-இ-ஏ வரிசையில் ஒவ்வொரு தந்திக்கும் ஃப்ரெட் எண், 0 என்றால் திறந்த தந்தி. ஆள்காட்டி இ தந்தி முதல் ஃப்ரெட், நடுவிரல் சி தந்தி இரண்டாவது, மோதிர விரல் ஏ தந்தி இரண்டாவது. எஃப்-இல் ஆள்காட்டி ஏற்கெனவே அந்த முதல் ஃப்ரெட்டில்தானே இருக்கிறது? அதை எடுக்கவே வேண்டாம். நடுவிரல் ஜி தந்தியிலிருந்து பக்கத்து சி தந்திக்கு, அதே ஃப்ரெட். மோதிர விரல் புதிதாக வந்து உட்கார்ந்தால் முடிந்தது. ஜி7-இலிருந்து சி-க்குப் போகும்போது மோதிர விரல் ஏ தந்தியை விடாமலே இரண்டிலிருந்து மூன்றுக்கு நழுவினால் போதும், மற்ற இரண்டும் எழுந்துவிடும். ஏ மைனரிலிருந்து எஃப்-க்கு நடுவிரல் அசையவே வேண்டாம். சி கட்டையில் உள்ள பாட்டுகளில் ஜி வருகிற இடத்தில் ஜி7 பெரும்பாலும் அழகாகவே பொருந்தும்.

ஜி-யை விட்டுவிடவும் வேண்டாம். அதற்கு சி-யிலிருந்து போய்ப் பழகுங்கள்: மோதிர விரல் மூன்றாவது ஃப்ரெட்டிலேயே ஏ-யிலிருந்து இ-க்கு ஒரு தந்தி தாண்டும், மற்ற இரண்டும் அதைச் சுற்றி இறங்கும். வலது கை மெதுவான தாளத்தில் நிற்காமல் போகட்டும். இடது கை தாமதமானாலும் ஸ்ட்ரம்மை நிறுத்திக் காத்திருக்காதீர்கள், திறந்த தந்தி ஒலித்தால் ஒலித்துவிட்டுப் போகட்டும்.

கிதார் வீட்டுப்பிள்ளை

ஜி-யில் மூன்று விரலும் ஒன்றாக இறங்க: கார்டு பிடியுங்கள், வடிவம் கலையாமல் தந்தியிலிருந்து மயிரிழை தூக்குங்கள், திரும்ப இறக்குங்கள். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

தேன்சிட்டு

எஃப்-இலிருந்து ஜி7 இப்போதே வந்துவிட்டது, நம்பவே முடியவில்லை! கடைசியாக ஒன்று: நான் பழக ஆசைப்படும் ஒரு பாட்டில் ஏ, டி, இ என்று இருக்கிறது. இ கார்டு 4442 என்று போட்டிருக்கிறார்கள். இது எந்த மனிதக் கைக்கு?

நாலு தந்தி

அதைப் பார்த்து எல்லாரும்தான் பயப்படுகிறோம். அந்தப் பாட்டு ஏ கட்டையில் இருந்தால் இ-க்குப் பதில் இ7 போடுங்கள், 1202. ஆள்காட்டி ஜி தந்தியில் முதல் ஃப்ரெட், நடுவிரல் சி தந்தியில் இரண்டாவது, மோதிர விரல் ஏ தந்தியில் இரண்டாவது, இ தந்தி திறந்தபடி. உங்கள் ஜி7 பிடியில் ஆள்காட்டி விரலை மட்டும் இ தந்தியிலிருந்து ஜி தந்திக்கு மாற்றினால் அதுவே இ7.