கொள்ளுத்தாத்தா செத்தது பம்பாய்லயா பாஸ்ராலயா? கையில இருக்கறது ஒரு வெண்கலத் தகடு மட்டும்

அல்சூர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க நாலு தலைமுறையா பெங்களூர் அல்சூர்தான், பூர்வீகம் குடியாத்தம் பக்கம். அப்பாவோட தாத்தா வெள்ளைக்காரன் பட்டாளத்துல இருந்து ஜெர்மன் சண்டைக்கு, அதான் முதல் உலகப் போருக்குப் போனவர், திரும்பி வரல. அப்பா என்ன சொல்றார்னா கப்பல்ல பம்பாய் வரைக்கும் வந்துட்டு அங்க ஆஸ்பத்திரில காய்ச்சல்ல போயிட்டார்னு, பெரியப்பா இல்லவே இல்ல ஈராக்ல இருக்கற பாஸ்ராலயே முடிஞ்சதுன்னு அடிச்சு சொல்றார், பொங்கலுக்குப் பொங்கல் இதே சண்டை. ஆதாரம்னு இருக்கறது ஒரு வட்டமான வெண்கலத் தகடு, சாப்பாட்டுத் தட்டு மாதிரி கனமா இருக்கும், ஒரு பொம்பள மாலை புடிச்சு நிக்கறா, பக்கத்துல சிங்கம், ஒரு கட்டத்துல அவர் பேர் இங்கிலீஷ்ல. பாட்டி இருந்த வரைக்கும் அதுக்குதான் மஞ்ச குங்குமம் வச்சு ஆடி அமாவாசைக்கு படையல் போடுவாங்க. நம்பர், ரெஜிமென்ட் எதுவும் அதுல இல்ல. வீடு அல்சூர்ங்கறதால எம்இஜி, அதாவது சேப்பர்ஸ்னு சொல்ற மெட்ராஸ் இன்ஜினியர் பட்டாளம்னு நினைக்கறேன். கல்லறை எங்கன்னு எப்படி கண்டுபிடிக்கறது? ஆன்லைன்ல ஒருத்தர் பதினஞ்சாயிரம் குடுத்தா லண்டன் ரெக்கார்டு எடுத்துத் தரேங்கறார், குடுக்கலாமா?

பழைய_பேப்பர்:
காசு குடுக்காதீங்க ஜி, முதல்ல ஃப்ரீயா இருக்கறத பாருங்க. உங்க வீட்ல இருக்கறது போர்ல செத்தவங்க குடும்பத்துக்கு பிரிட்டிஷ் சர்க்கார் அனுப்புன நினைவுத் தகடு, மெமோரியல் பிளேக்னு சொல்வாங்க. எல்லாரும் சமம்னு காட்ட வேணும்னேதான் ரேங்க், ரெஜிமென்ட் போடாம பேர் மட்டும் போட்டாங்க, அதுவே இன்னைக்கு தேடறவங்களுக்கு தலைவலி. ஆனா அது இருக்கறதாலயே ஒண்ணு தெரியுது, 1914 ஆகஸ்ட் 4-லேர்ந்து 1920 ஏப்ரல் 30-க்குள்ள செத்தவங்களுக்குத்தான் அத குடுத்தாங்க. நம்பர் வேணும்னா மெடல் வேணும், வட்டமா இருக்கற அந்தக்கால மெடலோட ஓரத்துல நம்பர், ரேங்க், பேர், யூனிட் பொறிச்சிருக்கும், பீரோ அடில தேடுங்க, பெரும்பாலும் எப்பவோ வெள்ளிக்காக வித்துருப்பாங்க.

அடுத்து, போர்ல செத்தவங்க கல்லறை, நினைவுச்சின்னத்த எல்லாம் பாத்துக்கற காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன் சைட். பேர மட்டும் போட்டு தேடினா ஒண்ணும் ஆகாது, நம்ம ஊர் பேர கிளார்க் காதுல விழுந்த மாதிரி எழுதி வச்சிருப்பான். அட்வான்ஸ்டு சர்ச்ல கூடுதல் தகவல்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல நார்த் ஆற்காட்னு போடுங்க. இந்திய சிப்பாய்கள் நிறைய பேருக்கு அப்பா பேர், ஊர், ஜில்லா அங்கதான் இருக்கும். குடியாத்தம் அப்ப வட ஆற்காடு ஜில்லா.

உங்க வீட்டு சண்டைக்கும் அதுலயே தீர்ப்பு இருக்கு. இந்தியாவுக்குள்ள செத்திருந்தா பெரும்பாலும் டெல்லி மெமோரியல்னு வரும், அதாவது நம்ம இந்தியா கேட், அதுல 13,000 பேருக்கு மேல இருக்காங்க. மெசபடோமியால, அதாவது இன்னைய ஈராக்ல செத்து தனியா கல்லறை இல்லன்னா பாஸ்ரா மெமோரியல்னு வரும். பாஸ்ராவா இருந்தா ஒரு விஷயம் மனச தயார் பண்ணிக்கோங்க, அந்த சுவர்ல வெள்ளைக்கார சிப்பாய்க்கு பேர் இருக்கு, நம்ம ஆளுங்கள்ல ஆபீசருக்கு இருக்கு, சாதா சிப்பாய்ங்க ரெஜிமென்ட் கீழ இத்தன பேர்னு வெறும் எண்ணிக்கை. 2021-ல கமிஷனே ரிப்போர்ட் போட்டு மன்னிப்பு கேட்டுச்சு, குறைஞ்சது 1,16,000 பேர் பேரே இல்லாமலோ நினைவுச்சின்னமே இல்லாமலோ விடுபட்டிருக்காங்கன்னு. நூறு வருஷம் கழிச்சு. பேர் ரெஜிஸ்டர்ல இருக்கும், கல்லுலதான் இல்ல.

ரிட்டயர்டு ஹவில்தார்:
தம்பி, அல்சூர்ல வீடுன்னா சேப்பர்ஸ்னு முடிவு பண்ணாதீங்க. பெங்களூர் கண்டோன்மென்ட்ல மெட்ராஸ் பயனியர்ஸும் இருந்தாங்க, ரோடு போடறது பள்ளம் வெட்டறதுன்னு வேலையும் செய்யற காலாட்படை, 61, 64, 81னு மூணு பட்டாலியன், தமிழ் ஆளுங்க நிறைய. 61-காரங்க 1914 நவம்பர்லயே கிழக்கு ஆப்பிரிக்காவுல டாங்கா சண்டைல இருந்தாங்க. 1933-ல பயனியர்ஸையே கலைச்சுட்டான், அதனால தான் யாருக்கும் பேர் கூட ஞாபகம் இல்ல. பிரிகேட் ரோடு ரெசிடென்சி ரோடு முக்குல ஒரு கல்தூண் நிக்குதே, பாதி பேர் அதுமேல சாஞ்சு ஆட்டோ புக் பண்ணுவாங்க, அது அவங்களுக்கு வச்சதுதான்.

கல்லறைன்னு கேட்டீங்க. இந்து சிப்பாயா இருந்தா தகனம்தான் பண்ணிருப்பாங்க, ஓசூர் ரோடு, கல்பள்ளி கல்லறைத் தோட்டத்துல எல்லாம் அலையாதீங்க, அதெல்லாம் கிறிஸ்தவங்களுக்கு. பம்பாய் ஆஸ்பத்திரி கதையையும் தள்ளிடாதீங்க, மெசபடோமியால அடிபட்டவங்க, நோயாளிங்க நிறைய பேர் பம்பாய்லதான் இறங்கினாங்க, அங்க இருக்கற பெரிய மியூசியம் கட்டடமே 1920 வரைக்கும் மிலிட்டரி ஆஸ்பத்திரியா ஓடுச்சு.

குடியாத்தத்துக்காரி:
நம்ம பக்கம் கிராமங்கள்ல பழைய ஸ்கூல் சுவர்லயோ சாவடிலயோ ஒரு சின்ன சலவைக்கல் இருக்கும், இந்த ஊர்லேர்ந்து மகாயுத்தத்துக்கு இத்தன பேர் போனாங்க, இத்தன பேர் உயிர் விட்டாங்கன்னு இங்கிலீஷ்ல. பேர் இருக்காது, ஆனா உங்க ஊர்ல செத்தது ஒரே ஒருத்தர்னு இருந்தா அது உங்க ஆள்தானே. சுண்ணாம்பு அடிச்சு மூடிருப்பாங்க, தடவிப் பாருங்க 😄

அல்சூர்வாசி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். நேத்து ராத்திரி உக்காந்து தேடினேன், வேற வேற ஸ்பெல்லிங்ல அதே பேர்ல ரெண்டு பேர் சிக்கிருக்காங்க, ரெண்டு பேரும் வட ஆற்காடு. ஒருத்தர் 64வது பயனியர்ஸ், 1918 அக்டோபர், டெல்லி மெமோரியல். இன்னொருத்தர் சேப்பர்ஸ், பாஸ்ரா மெமோரியல். அதாவது அப்பாவுக்கு ஒண்ணு பெரியப்பாவுக்கு ஒண்ணு!! ரெக்கார்டுல அந்த ரெண்டு பேரோட அப்பா பேரும் வேற வேற. எங்க எள்ளுத்தாத்தா, அதாவது கொள்ளுத்தாத்தாவோட அப்பா, பேர் வீட்ல யாருக்கும் தெரியல.

பழைய_பேப்பர்:
அக்டோபர் 1918ன்னா இன்ஃப்ளூயன்சா உச்சத்துல இருந்த நேரம், காய்ச்சல்னு உங்கப்பா சொல்றதோட பொருந்துது, ஆனா அது மட்டும் போதாது. ஊர்ல நிலம் இருந்துச்சா? மூலப்பத்திரத்துல இன்னார் மகன் இன்னார்னு எழுதிருப்பாங்க, அத எடுங்க. யார்னு உறுதியாச்சுன்னா கமிஷன் சைட்ல அவரோட பேஜ்லேர்ந்தே நினைவு சர்டிஃபிகேட் இலவசமா டவுன்லோட் பண்ணலாம், ஸ்பெல்லிங் தப்பா இருந்தா பத்திர காப்பியோட கமிஷனுக்கு எழுதுங்க.

அல்சூர்வாசி:
மூலப்பத்திரம் இருக்கு ஜி. பெரியப்பா பீரோல. எதுக்குன்னு சொன்னா தருவாரான்னுதான் தெரியல, நிலத்துக்குத்தான் அடிபோடறோம்னு நினைப்பார். ஞாயித்துக்கிழமை அப்பாவ விட்டுட்டு நான் மட்டும் போய் கேட்டுப் பாக்கறேன்.