ஜெர்மனிக்கு மெஷின் நிறுவப் போகும் டீம்: விசா, டூல்ஸ், லக்கேஜ் விவரம் வேண்டும்

கோவை_சர்வீஸ்:
வணக்கங்க. எங்க கம்பெனி செஞ்ச பேக்கிங் மெஷின் ஒண்ணு ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு கஸ்டமருக்குக் கப்பல்ல போயிட்டிருக்கு. அதை நிறுவி ஓட்டிக் காட்ட நாலு பேர் மூணு வாரம் போறோம்: மெக்கானிக்கல் ரெண்டு, எலக்ட்ரிக்கல் ஒருத்தர், பிஎல்சி (மெஷினை ஓட்டுற கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) ஒருத்தர். ஏஜென்ட் "மீட்டிங்னு போட்டு பிசினஸ் விசா வாங்கிடலாம்"ங்கிறார். டூல்ஸும் அளவுக் கருவியும் சேர்த்து 60 கிலோ வரும். 18 வோல்ட் பேட்டரி டிரில்லும் உண்டு. என்னென்ன பார்த்துக்கணும்?

தேசாந்திரி:
மீட்டிங் என்று போடவே போடாதீர்கள். பெட்டியில் டார்க் ரெஞ்சும் (போல்ட்டை அளந்து முறுக்கும் ஸ்பானர்) மெகரும் (மின்காப்பு சோதிக்கும் கருவி) இருக்கும், கடிதத்தில் மீட்டிங் என்று இருக்கும். ஃபிராங்ஃபர்ட் இமிக்ரேஷனில் நால்வரையும் தனித்தனியாகக் கேட்பார்கள். ஒருவர் பதில் மாறினாலும் நால்வருக்கும் சிக்கல்.

உண்மையைச் சொல்லிப் போகவே சட்டத்தில் வழி இருக்கிறது. ஜெர்மன் வேலைவாய்ப்பு விதிகளின் 19ஆம் பிரிவுப்படி, மெஷினை விற்ற நிறுவனம் தன் ஊழியர்களை அனுப்பி நிறுவிக் கொடுக்கலாம். 12 மாதத்தில் 90 நாள் வரை இதற்குத் தனி வேலை அனுமதி தேவையில்லை. ஆனால் வேலை தொடங்கும் முன் ஜெர்மன் மத்திய வேலைவாய்ப்பு முகமைக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விசா அதே ஷெங்கன் சி வகைதான் (ஐரோப்பாவில் குறுகிய காலம் தங்குவதற்கானது), எழுதும் காரணம் மட்டும் வேறு.

கஸ்டமரின் அழைப்புக் கடிதத்தில் மெஷினின் பெயர், சீரியல் எண், பர்ச்சேஸ் ஆர்டர் எண், நால்வரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும், தேதிகள், செலவு யாருடையது என்பதெல்லாம் வர வேண்டும். உங்கள் கம்பெனி கடிதத்தில் நால்வரும் சம்பளப் பட்டியலில் உள்ள சொந்த ஊழியர்கள் என்று இருக்கட்டும். யாராவது கான்ட்ராக்ட் ஆள் என்றால் அவருக்கு இந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்தாது. அவர் பெயரைச் சேர்க்கும் முன்பே விசாரியுங்கள்.

21 நாள் மட்டும் கேட்காதீர்கள். கன்டெய்னர் தாமதமானால் மொத்தத் திட்டமும் தள்ளிப்போகும், 30 நாளாவது கேளுங்கள். விசா ஸ்டிக்கரில் செல்லுபடித் தேதி வேறு, தங்கும் நாள் கணக்கு வேறு. இரண்டையும் கையில் வாங்கியதுமே பாருங்கள். கட்டணம் 90 யூரோ, இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் வாங்க மாட்டார்கள்.

பிஎஃப் அலுவலகத்தின் கவரேஜ் சான்றிதழையும் (இங்கேயே பிஎஃப் கட்டுகிறீர்கள் என்பதற்கான சான்று) ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். 2017 முதல் இரு நாட்டுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருப்பதால், அது கையில் இருந்தால் அங்கே ஓய்வூதியப் பிடித்தம் கேட்க மாட்டார்கள்.

கார்கோ_மணி:
டூல்ஸுக்கு ஏடிஏ கார்னே எடுங்க. வரி கட்டாம பொருளைத் தற்காலிகமா வெளிநாடு கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர்ற கஸ்டம்ஸ் ஆவணம் அது. இந்தியாவில் ஃபிக்கிதான் (இந்திய தொழில் வர்த்தக சபைகளின் கூட்டமைப்பு) கொடுக்குது, ஒரு வருஷம் செல்லும். ஒவ்வொரு கருவிக்கும் சீரியல் நம்பர், எடை, மதிப்பு, எந்த நாட்டுத் தயாரிப்புன்னு லிஸ்ட் போடணும். பேப்பர்ல இருக்கிற நம்பரும் கருவியில இருக்கிற நம்பரும் ஒரு எழுத்து மாறினாலும் நிறுத்துவாங்க. சீரியல் இல்லாத ஸ்பானர் செட்டுக்கு நீங்களே நம்பர் பொறிச்சுக்கங்க.

தப்பு நடக்கிறது ரெண்டே இடத்துல. கிளம்பும்போது பெட்டியை செக்-இன்ல போட்டுட்டு அப்புறம் கஸ்டம்ஸைத் தேடுறது ஒண்ணு. முதல்ல கஸ்டம்ஸ் பெட்டியைப் பார்த்து கார்னேயோட மஞ்சள் தாள்ல முத்திரை போடணும், அப்புறம்தான் பெல்ட். திரும்பும்போது ஃபிராங்ஃபர்ட்ல வெள்ளை மறு ஏற்றுமதித் தாள்ல முத்திரை வாங்காம வர்றது இன்னொண்ணு. பொருள் அங்கேயே தங்கிட்டதா கணக்காகி, மாசக்கணக்கு கழிச்சு வரி கேட்டுக் கடிதம் வரும். அன்னைக்கு ஒரு மணி நேரம் கூடுதலா வச்சுக்கங்க.

கார்னேயில் பிரதிநிதின்னு யார் பேர் இருக்கோ அவர் அந்த விமானத்துல இருக்கணும். ரெண்டு பேர் பேரைப் போடுங்க, ஒருத்தருக்குக் காய்ச்சல்னா இன்னொருத்தர் காட்டலாம். கிரீஸ், ஆயில், பசை மாதிரி செலவாகுற சரக்கு கார்னேயில் சேராது.

செயின் பிளாக், ஜாக்கி எல்லாம் தூக்கிட்டுப் போறது வீண். கஸ்டமர்கிட்ட லிஸ்ட் அனுப்பி அங்கேயே கேளுங்க. உங்க மெஷினுக்குன்னு செஞ்ச ஃபிக்ஸ்சர் (பாகத்தைப் பிடிச்சு வைக்கிற சாதனம்), கேஜ் (அளவு பார்க்கிற கருவி) மட்டும் எடுத்துப் போனா 60 கிலோ பாதியாகும்.

பேட்டரி_பாலு:
டிரில் செக்-இன்ல, கழட்டின பேட்டரி கைப்பையில. 18 வோல்ட் 5 ஆம்பியர் ஹவர்னா 90 வாட் ஹவர், 100க்குள்ள இருக்கிறதால பிரச்சினை இல்ல. 6 ஆம்பியர் ஹவர்னா 108. ஏர்லைன்ஸ் ஒப்புதல் முன்கூட்டியே வேணும், ஒருத்தருக்கு ரெண்டுதான். முனையில டேப் ஒட்டிடுங்க. டபிள்யூடி-40 (துரு நீக்கும் ஸ்ப்ரே) கேன் எந்தப் பெட்டியிலயும் போடக்கூடாது, எரியக்கூடிய ஏரோசால். அங்க போய் வாங்கிக்கலாம். ஸ்க்ரூ டிரைவர், அலன் கீ எல்லாம் செக்-இன்ல.

ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினா தூக்கவே மாட்டாங்க. எல்லா சென்சாரையும் ஒரே பெட்டியில அடைக்காதீங்க. ஒரு பெட்டி வராம போனாலும் மறுநாள் வேலை ஆரம்பிக்கிற மாதிரி பிரிச்சு வைங்க. பிஎல்சி பேக்கப் ரெண்டு லேப்டாப்லயும் இருக்கட்டும்.

கோவை_சர்வீஸ்:
ரொம்ப நன்றிங்க. தினம் 14 மணி நேரம் வேலை பார்த்து சீக்கிரம் முடிக்கலாம்னு மேனேஜர் கணக்குப் போட்டிருக்கார். நடக்குமா?

தேசாந்திரி:
நடக்காது. அங்கே ஒரு நாளைக்கு 8 மணி நேரம், பிறகு குறைத்து சராசரியை 8க்குக் கொண்டுவந்தால் அதிகபட்சம் 10. இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே 11 மணி நேர ஓய்வு. ஞாயிறு பொதுவாக வேலை இல்லை. பத்து மணி நேரமானதும் கஸ்டமரே கேட்டை மூடிவிடுவார். மேனேஜருக்கு இதை இப்போதே எழுத்தில் அனுப்புங்கள். ஷூவில் இஎன் ஐஎஸ்ஓ 20345 (பாதுகாப்பு ஷூவுக்கான தரம்) முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் உள்ளே விட மறுக்கலாம்.

சாப்பாட்டுக்குக் கிச்சன் உள்ள அபார்ட்மென்ட் எடுங்கள். நெய், பால் பவுடர், மோர் மிளகாய், கருவாடு தவிர்த்த அசைவம் எதையும் கொண்டுபோகாதீர்கள். பால், இறைச்சிப் பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்குச் சான்றிதழ் கேட்பார்கள், காயவைத்துப் பொடியாக எடுத்துப் போங்கள். கடைகள் ஞாயிறு மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை அலாரம் கத்தும். பிளக்குக்குப் பக்கவாட்டில் எர்த் கிளிப் உள்ள ஷூக்கோ (ஜெர்மன் வகை பிளக்) அடாப்டரும் நம்மூர் ஸ்பைக் பஸ்டர் ஒன்றும் போதும். இரண்டு முள் அடாப்டரில் எர்த் கிடைக்காது, லேப்டாப்பை மெஷினோடு இணைத்து வேலை பார்ப்பவருக்கு அது ஆகாது.