புதுப்பிப்பு: கட்டுப்பாட்டு அறைக்குள் காற்று கசிவது எப்படி?

அமெரிக்க அணுமின் நிலையங்கள் பலவற்றில் விபத்தின்போது கதிரியக்கம் கலந்த காற்று உள்ளே வராமலிருக்கக் கட்டுப்பாட்டு அறையை வெளியைவிடச் சற்றுக் கூடுதல் அழுத்தத்தில் வைப்பார்கள் என்று எழுதியிருந்தேன், அப்படியானால் வெளிக்காற்று எப்படி உள்ளே வரும் என்று கேட்டிருந்தீர்கள். சரியான கேள்வி. கதவு ரப்பர், கேபிள் நுழையும் துளை எல்லாம் யாருக்கும் தோன்றும். ஆனால் அறைக்கு வெளியே இருக்கும் ப்ளோவரின் உறிஞ்சும் பக்கக் குழாயில், வடிகட்டிக்கு அப்புறம் ஓர் இணைப்பு லேசாக விலகியிருந்தாலே போதும், அது வெளிக்காற்றை இழுத்து நேராக அறைக்குள் தள்ளிவிடும், அழுத்தமானியோ எல்லாம் சரி என்றே காட்டும். அதைப் பிடிக்கத்தான் தடங்காட்டி வாயுவை, அதாவது அறையில் எவ்வளவு வெளிக்காற்று கலக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் வாயுவை, விட்டு அளக்கிறார்கள். அதுவரை அப்படிச் சோதித்த நிலையங்களில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வடிவமைப்புக் கணக்கில் வைத்திருந்ததைவிடக் கசிவு அதிகம் என்று என்ஆர்சி (அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம்) 2003-இல் சொன்னது. விபத்து நேரத்தில் அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கான 5 ரெம் (ரெம் என்பது கதிர்வீச்சு அளவின் அலகு) வரம்பு மீறப்படாது என்பதே அந்தக் கணக்கை நம்பித்தான் இருக்கிறது, அழுத்தச் சோதனை மட்டும் போதும் என்பதை நான் ஏற்கவே மாட்டேன்.