இருபது பேரும் ‘புகைத்தல் கேடு’ என்று டிக் போட்ட வினாக்கொத்து: இதை வைத்து என்ன செய்வது?

வாவிக்கரை:
வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படிக்கிறேன். ஆய்வுக் கட்டுரைக்கு ‘புகைத்தல் பற்றிய மாணவர் மனப்பாங்கு’ என்ற தலைப்பை எடுத்திருக்கிறேன். 24 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ‘முற்றாக உடன்படுகிறேன்’ தொடங்கி ‘முற்றாக மறுக்கிறேன்’ வரை ஐந்து பெட்டி, வழமையான லிக்கர்ட் அளவுகோல்தான். பெரிதாகத் தொடங்க முன் எங்கள் பட்ச்சில் 20 பேருக்குக் கொடுத்துப் பார்த்தேன். ‘புகைத்தல் உடல்நலத்துக்குக் கேடு’ என்பதற்கு 20 பேரும் முற்றாக உடன்பட்டார்கள். கடைசியில் ‘நீங்கள் புகைப்பவரா?’ என்று கேட்டிருந்தேன், ஒரே ஒரு ஆம். அன்று பின்னேரம் செங்கலடிப் பக்கம் போகிறேன், ஒரு தேத்தண்ணிக் கடையில் அந்த இருபதில் நான்கு பேர் சிகரெட்டோடு இருக்கிறார்கள். என்னைக் கண்டதும் ஒருவன் கையை மேசைக்குக் கீழே விட்டுவிட்டு “வினாக்கொத்து நல்லா இருந்திச்சு” என்கிறான். இப்படி இருந்தால் 300 பேரிடம் கேட்டு என்ன பயன்? தலைப்பையே மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

கச்சான்_காற்று:
மாற்றுங்கள் தங்கச்சி. நானும் அங்கேதான் படித்தேன். வருடா வருடம் யாராவது ஒருவர் இதே தலைப்போடு தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு வருவார், நாங்கள் விரிவுரையாளர் வருவதற்குள் ஒரே நிரலில் மேலிருந்து கீழே டிக் போட்டுக் கொடுத்துவிடுவோம், அவர் அதைக் கணினியில் ஏற்றி மூன்று தசமத்தானம் வரை கணக்குப் பார்த்து பைண்ட் பண்ணி வைப்பார், அதோடு சரி. உளவியல் பாடத்தில் எனக்கு மண்டையில் நின்றது ஒன்றே ஒன்று. லாப்பியர் என்ற அமெரிக்கர் ஒரு சீனத் தம்பதியோடு நாடு முழுக்கக் காரில் சுற்றினார். தங்குமிடம், சாப்பாட்டுக் கடை எல்லாமாக 251 இடங்கள். சீனரை வெறுத்த காலம், ஆனாலும் ஒரே ஓர் இடத்தில்தான் திருப்பி அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்கு ‘சீனரை ஏற்பீர்களா’ என்று எழுதிக் கேட்டார். பதில் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ‘மாட்டோம்’. கட்டுரை வந்தது 1934இல். தாளில் ஒரு வாய், வாசலில் இன்னொரு வாய். உங்களுக்கு அந்தத் தேத்தண்ணிக் கடை ஒரே பின்னேரத்தில் விடை சொல்லிவிட்டது. போய் அங்கே எண்ணுங்கள்.

அக்கரைப்பற்று_காக்கா:
கடையில் எண்ணினால் கடைக்கு வருகிறவனைத்தான் எண்ணுவீர் தம்பி. விடுதி மொட்டைமாடியில் இரவு ஒரு மணிக்குப் பத்துகிறவனை யார் எண்ணுவது? அதைவிட, அவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக் குறித்துவைப்பதை எந்த நெறிமுறைக் குழுவும் லேசில் விடாது.

வாய்க்கும் செயலுக்கும் பொருத்தமில்லை என்பதற்காகக் கேட்கிறதையே விடுவதா? 1951இல் டோல், ஹில் என்ற இரண்டு பேர் பிரித்தானிய வைத்தியர்களுக்குத் தபாலில் சின்ன வினாக்கொத்து ஒன்று அனுப்பினார்கள். சிகரெட் குடிக்கிறீரா, எத்தனை, எந்த வயதில் தொடங்கினீர், அவ்வளவுதான். சுமார் 40,000 பேர் நிரப்பி அனுப்பினார்கள். அவர்களில் யார் எதனால் இறந்தார் என்று 50 வருடம் பின்தொடர்ந்தார்கள். சிகரெட் சுவாசப்பையை என்ன செய்யும் என்று இன்று நாம் அடித்துச் சொல்கிறதில் பெரும் பங்கு அந்தத் தாளுக்கு.

கச்சான்_காற்று:
காக்கா, அந்த உதாரணம் எனக்குத்தான் சாதகம். 1951இல் இங்கிலாந்து வைத்தியருக்குச் சிகரெட் குடிக்கிறது வெட்கமே இல்லை, உள்ளதை எழுதினார். இங்கே ஒருவன் பஸ் நிலையத்தில் பத்தினால் அவன் வீடு போய்ச் சேர முன் செய்தி வாப்பாவின் காதுக்குப் போய்விடும். வெட்கம் இருக்கிற இடத்தில் தாள் பொய் சொல்லும்.

அக்கரைப்பற்று_காக்கா:
அப்போ பிழை கேள்வி கேட்டதில் இல்லை, வெட்கப்படுத்திக் கேட்டதில். தங்கச்சி, முதல் பக்கத்தில் என்னென்ன எழுதச் சொன்னீர்? யார் திரும்பச் சேர்த்தது?

வாவிக்கரை:
பதிவிலக்கம், பீடம், பால். ஒருவரே இரண்டு தரம் நிரப்பக்கூடாது என்று பதிவிலக்கம் கேட்டேன் காக்கா. பட்ச் ரெப் சேர்த்துத் தந்தார்.

அக்கரைப்பற்று_காக்கா:
யா அல்லாஹ்.

பிளேன்டி:
அக்கா, அந்த நாலு பேரில் ஒருவன் நான். ஒளித்தது நான் இல்லை, சுவர்ப் பக்கம் இருந்தவன்.

நான் ‘இல்லை’ என்றுதான் போட்டேன். பதிவிலக்கத்தை எழுதிவிட்டு அடுத்த வரியில் ‘ஆம்’ போட எனக்கு விசரா? ஆனால் அது மட்டும் காரணமில்லை, உண்மையாகவே நான் என்னைப் புகைப்பவன் என்று நினைப்பதில்லை. பெட்டி வாங்கினது வாழ்க்கையில் இல்லை. கடையில் ஒன்று வாங்கி, கடைத் தூணில் கட்டித் தொங்குகிற தும்புக் கயிற்றின் நுனியில் பற்றவைத்து, மூன்று பேர் மாறி மாறி இழுப்போம். பிறகு வாயில் ஒரு இஞ்சி டொபி, விரலில் மணம் போகக் கொஞ்சம் தேசிக்காய். கிழமைக்கு இரண்டு தரம், பரீட்சை என்றால் இன்னும் கூடும். எங்கள் கணக்கில் புகைப்பவர் என்றால் காலையில் எழும்பினதும் தேடுகிற ஆள், என் மாமா மாதிரி.

‘கேடு’ என்பதற்கு முற்றாக உடன்படுகிறேன் போட்டதும் பொய்யில்லை. எனக்கும் தெரியும்தானே. ஆகவே 20 பேரும் பொய் சொன்னார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

பழைய_பீஎச்ஐ:
தம்பி சொன்னதில் ஒன்று முக்கியம். சிகரெட் பெட்டியின் 80 வீதத்தை எச்சரிக்கைப் படம் பிடிக்க வேண்டும் என்று 2015இல் கொண்டுவந்தார்கள். ஒற்றையாக வாங்குகிறவன் கையில் பெட்டியே வருவதில்லை, படத்தைப் பார்க்கிறவர் கடைக்காரர்தான்! ‘எச்சரிக்கைப் படங்கள் உங்களைத் தடுக்கின்றனவா’ என்று ஒரு கூற்று உங்கள் 24இலும் இருக்கும், இருந்தால் அதற்கு முன் ‘பெட்டியாக வாங்குவீர்களா, ஒற்றையாகவா’ என்று கேளுங்கள்.

இன்னொன்று. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்க முடியாது. வளாகத்துக்கு வருகிறவர்களில் அநேகர் அந்த வயதைத் தொட்டிருப்பார்கள், தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளைகளில் 18, 19 வயதுக்காரர் இருப்பார்கள். அவர்களையும் சேர்க்கிற எண்ணம் இருந்தால் ‘எந்தக் கடையில் வாங்கினீர்கள்’ என்று மட்டும் கேட்க வேண்டாம். பிள்ளை உண்மையை எழுதினால் மாட்டுவது கடைக்காரர், அதை யோசித்தே எழுதாமல் விடுவார்கள். நானே பொதுச் சுகாதாரப் பரிசோதகராகக் கல்முனைப் பக்கம் கடைகடையாக ஏறி இறங்கினவன், எந்தக் கடை என்று ஒரு பிள்ளையும் வாய் திறந்ததில்லை.

கச்சான்_காற்று:
பாருங்கள், அதைக் கேட்காதே இதைக் கேட்காதே. கடைசியில் வயதும் பாலும்தான் மிஞ்சும். பெண்களையும் விட்டுவிடலாம், அவர்களிடம் கேட்டு என்ன வரப்போகிறது.

தாழங்குடா_டீச்சர்:
இதுதான் எனக்குக் கோபம். 2015இல் சுகாதார அமைச்சு நாடு முழுக்க 18 முதல் 69 வயதுக்காரரிடம் எடுத்த கணக்கில் புகைக்கும் ஆண்கள் 29.4 வீதம், பெண்கள் 0.1 வீதம். இந்த 0.1ஐக் காட்டித்தான் எல்லாரும் பெண்களைக் கைகழுவுகிறார்கள். அதே கணக்கில் புகையில்லாத புகையிலை பாவிக்கும் பெண்கள் 5.3 வீதம், ஆண்கள் 26 வீதம். வெற்றிலைத் தட்டத்தில் இருப்பது புகையிலை இல்லாமல் வேறென்ன? அம்மம்மா வாய் போடும்போது ஒரு துண்டு கிள்ளி வாங்கிப் பழகின பிள்ளைகள் என்னோடு கல்வியியற் கல்லூரியில் படித்தார்கள், ‘நீ புகையிலை பாவிக்கிறாயா’ என்று கேட்டால் கண்ணை விரித்து ‘ஐயோ இல்லை’ என்பார்கள். அது அவர்களுக்கு வெற்றிலை. அவ்வளவுதான்.

மனப்பாங்கு என்பது குடிக்கிறவனுக்கு மட்டும் சொந்தமா? பக்கத்தில் நின்று மூச்சு விடுகிறவளுக்கு ஒரு மனப்பாங்கு இல்லையா? தம்பி ஒளித்துக் குடிக்கிறான் என்று தெரிந்தும் அம்மாவிடம் சொல்லாமல் விடுகிற அக்காவிடம் கேளுங்கள் வாவிக்கரை, சர்வேயில் அதைவிடச் சுவையான பதில் வராது.

கச்சான்_காற்று:
வெற்றிலை விஷயம் சரி டீச்சர், அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் வெட்கம் வெட்கம்தான். பதிவிலக்கத்தை எடுத்தாலும் வாவிக்கரை தன் கையால் தாளைக் கொடுத்துத் தன் கையால் வாங்கினால் அந்த முகத்தைப் பார்த்துத்தான் டிக் விழும்.

அக்கரைப்பற்று_காக்கா:
அதற்கும் வழி இருக்கிறது. 1965இல் வார்னர் என்றொருவர் கொடுத்த யோசனை, பின்னால் பலர் பல விதமாக இலகுவாக்கினார்கள். ஒரு விதம் சொல்கிறேன். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நாணயக் குற்றி. தனியே திரும்பி நின்று சுண்டிப் பார்க்க வேண்டும். எண் பக்கம் விழுந்தால், சிகரெட் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆம்’. மற்றப் பக்கம் விழுந்தால் உள்ளதைச் சொல்ல வேண்டும். ‘ஆம்’ போட்டவனைப் பார்த்து நீ புகைக்கிறவன் என்று ஒருவராலும் சொல்ல முடியாது, குற்றி சொல்லச் சொன்னது என்பான். 100 பேரில் அண்ணளவாக 50 பேருக்கு எண் விழும். மொத்தம் 62 ‘ஆம்’ வந்தால் 50ஐக் கழித்துவிடுங்கள், மிச்சம் 12. உண்மையைச் சொன்ன 50 பேரில் 12, ஆக 24 வீதம். ஆளை அறியாமல் தொகையை அறியலாம்.

கச்சான்_காற்று:
24 கூற்றுக்கும் 24 தரம் சுண்டுவார்களா? கலியாண வீட்டில் காய் உருட்டுகிற மாதிரி இருக்கும்.

அக்கரைப்பற்று_காக்கா:
ஒரே ஒரு கேள்விக்குத்தான். இதற்கும் ஒரு விலை உண்டு, பாதிப் பதில் குற்றியின் பதில் என்பதால் அதே நுட்பம் வேண்டுமென்றால் கூடப் பேர் வேண்டும்.

வாவிக்கரை:
அதில்தான் பயம். 3000 பேர் கொண்ட தொகுதிக்கு 341 பேர் போதும் என்று எத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்று காட்டுகிற கிரெய்சி, மோர்கன் அட்டவணையில் இருக்கிறது, அதையே எங்கே பிடிப்பது என்று தெரியாமல் பட்ச் வட்ஸ்அப் குழுக்களில் லிங்க் போடலாம் என்று இருந்தேன். 24 கூற்றுகளையும் குறைக்க முடியாது, கூற்றுகளுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டுகிற அல்பா 0.7 தாண்ட வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார்.

அக்கரைப்பற்று_காக்கா:
அந்த 341 எழுமாற்றாக எடுத்தால்தான் 341. குழுவில் லிங்க் போட்டு விருப்பமுள்ளவன் நிரப்பினால் 1000 பேர் வந்தாலும் அது விருப்பமுள்ளவனின் கணக்குத்தான். விரிவுரைப் பட்டியலில் வகுப்புகளை எழுமாற்றாகத் தெரிந்து, அந்த வகுப்பில் இருக்கிற எல்லாரிடமும் கேளுங்கள். சிங்களப் பிள்ளைகளுக்குச் சிங்களத்தில் கொடுங்கள், மொழிபெயர்த்ததை வேறொருவரைக் கொண்டு திரும்பத் தமிழாக்கிச் சரிபாருங்கள்.

அல்பா விஷயத்தில் கச்சான் தம்பி சொன்ன கூத்தை நினைவில் வையுங்கள். ஒவ்வொருவனும் தனக்குப் பிடித்த நிரலில் வாசிக்காமல் டிக் போட்டுக்கொண்டு போனாலும் அல்பா உயரும். சில கூற்றுகளைத் தலைகீழாக, அதாவது எதிர்க் கருத்து வரும்படி எழுதிவைத்தால் பிடிபடுவார்கள்.

கச்சான்_காற்று:
என் பெயரைச் சொல்லி எனக்கே ஆப்பா காக்கா. சரி. நான் இன்னும் ‘மனப்பாங்கு’ என்ற சொல்லை நம்பவில்லை, நடந்ததைக் கேட்டால் வாசிக்க ஒரு காரணமாவது இருக்கும்.

பிளேன்டி:
அக்கா, முதலாம் வருடத்தில் சீனியர்மார் கடைக்கு அனுப்பி வாங்கிவரச் சொன்னதையும் கேளுங்கள். என் முதல் இழுவை அப்படி வந்ததுதான், கொண்டுபோய்க் கொடுத்தேன், நீயும் இழு என்றார்கள்.

வாவிக்கரை:
இரவு முழுக்க இருந்து மாற்றி எழுதினேன். பதிவிலக்கம் போய்விட்டது, ‘புகைப்பவரா’ போய்விட்டது. இப்போது இருப்பவை: கடந்த 30 நாட்களில் எத்தனை நாட்கள் ஒரு இழுவையாவது இழுத்தீர்கள்? வெற்றிலையோடு புகையிலை போட்டது எத்தனை நாள்? கடைசியாக ஒருவர் சிகரெட்டை நீட்டியபோது என்ன செய்தீர்கள்? அறைத் தோழர் அறைக்குள் பத்தினால் என்ன செய்கிறீர்கள்? வீட்டில் ஒருவர் ஒளித்துக் குடிப்பது தெரிந்தால் யாரிடம் சொல்வீர்கள்? குற்றிக் கேள்வி சீனியர் விஷயத்துக்கு, குடிக்கிறதைவிட அதைச் சொல்லத்தான் அதிகம் பயப்படுவார்கள் போல் இருக்கிறது. கூற்றுகள் 12 ஆகிவிட்டன, ஐந்து தலைகீழ், மேற்பார்வையாளரிடம் நாளைக்குச் சண்டை. நிரப்பினதை மடித்துப் போட, சீல் வைத்த பெட்டி செய்கிறேன். ஒரே சிக்கல், வகுப்புக்கு வராதவர்களுக்காக ஆண்கள் விடுதிக்கும் பெட்டியைக் கொண்டுபோக வேண்டும், நான் அங்கே போக முடியாது.

பிளேன்டி:
நான் கொண்டுபோகிறேன் அக்கா. குற்றியையும் நான்தான் கொண்டுபோக வேண்டுமா? பத்து ரூபாய்க் குற்றி என்றால் ஒன்றும் திரும்பி வராது, இப்போதே சொல்லிவிட்டேன்.

வாவிக்கரை:
ஒரு ரூபாய்க் குற்றி.