பெற்றோல் ஓட்டோவை விற்றுவிட்டு மின்சார ஓட்டோ வாங்கலாமா?

கொட்டாஞ்சேனை ஓட்டோக்காரன்:
பதினொரு வருடமாகக் கொழும்பில் ஓட்டோ ஓட்டுகிறேன். ஒரு நாளைக்கு நூறு கிலோமீற்றர் ஓடினால் நாலு லீற்றர் பெற்றோல் போய்விடும். 2022 ஜூனில் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது நினைவிருக்கும். என்னைக் கொன்றது விலை இல்லை, வரிசைதான். இரண்டு இரவு ஓட்டோவுக்குள்ளேயே முடங்கிப் படுத்தேன். அப்புறம் கியூஆர் குறியீட்டைக் காட்டி அளந்து வாங்கும் முறை வந்தது, வாரத்துக்கு ஐந்து லீற்றர். எனக்கு அது ஒன்றேகால் நாள் ஓட்டம். மிச்ச நாட்களில் மனைவி தைத்துக் கொடுத்த சட்டைகளால்தான் அடுப்பு எரிந்தது.

முந்தி பெற்றோல் ஷெட்களில் சிபெட்கோ, ஐஓசி என்று இரண்டு கம்பனிப் பலகைதான். இப்போது சினோபெக், ஷெல் என்று நாலு. போட்டி வந்தால் விலை இறங்கும் என்றார்கள். மாதக் கடைசி இரவில் விலை மாறும்போது எல்லாப் பலகையிலும் ஏறக்குறைய ஒரே எண்தானே விழுகிறது? இதற்கு மின்சார ஓட்டோவே மேல் என்று தோன்றுகிறது. ஓட்டுபவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை கணக்கர்:
அண்ணா, சினோபெக் 2023இல் வந்தபோது மூன்று ரூபா குறைத்துத்தான் விற்றது. அதற்கு மேல் இறங்க இடம் குறைவு. யார் விற்றாலும் வெளியிலிருந்து டொலர் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். 1969இல் தொடங்கிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலை நாட்டின் தேவைக்குப் போதாது. அதன் மேல் அரசாங்க வரி. 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீத வற் வரி வேறு. எல்லாம் போக மிஞ்சுகிற கொஞ்சத்தில்தான் நாலு பேரும் அடிபடுகிறார்கள். ஷெட்டில் கழிப்பறை சுத்தமானது, அவ்வளவுதான் நான் கண்ட போட்டி.

வத்தளை பற்றரி:
நான் ஒன்றரை வருடமாக மின்சார ஓட்டோ ஓட்டுகிறேன். விற்றவர் ஒரு சார்ஜுக்கு 120 கிலோமீற்றர் என்றார். மழையில் மூன்று பேரை ஏற்றினால் 80 தாண்டாது. பேலியகொடை நெரிசலில் பற்றரி அளவைப் பார்த்துக்கொண்டே வயிறு கலங்கும். ஆனால் எஞ்சின் ஒயில் இல்லை, பிளக் இல்லை, சத்தமும் இல்லை. பின்னால் இருக்கிற பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள்.

சார்ஜ் விஷயத்தில்தான் கவனம். நேரக் கட்டண மீட்டர் இருந்தால் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை யூனிற் மலிவு. சாதாரண வீட்டு மீட்டரில் போட்டு மாதம் 180 யூனிற்றைத் தாண்டினீர்களோ, பில் எகிறிவிடும். முதல் மூன்று மாதம் அப்படித்தான் தண்டம் கட்டினேன். உங்களுக்குச் சொந்த வீடா, வாடகையா? மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தெஹிவளை கூரைக்காரி:
எங்கள் கூரையில் சோலார் இருக்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் மூன்று மணி வரை அதை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டது. பாவனை குறைந்து மின்சாரம் மிஞ்சிவிட்டதாம்! ஒரு பக்கம் பெற்றோலுக்கு டொலர் தேடுகிறோம், மறு பக்கம் வெயிலை அணைக்கிறோம். பகலில் ஓட்டோக்களுக்குச் சார்ஜ் போட ஸ்ராண்டுகளிலேயே இடம் கொடுத்தால் என்ன?

கொட்டாஞ்சேனை ஓட்டோக்காரன்:
அக்கா, பகலில் நிறுத்திச் சார்ஜ் போட்டால் ஹயர் யார் ஓடுவது? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணித்தியாலம் போட முடிந்தால் சரி, அதுவும் உதவும்.

வத்தளை அண்ணா கேட்டதுதான் குத்துகிறது. நான் இருப்பது மேல்மாடி வாடகை அறை. ஓட்டோ நிற்பது கீழே ஒழுங்கையில். வயர் இழுத்தால் அடுத்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், மீட்டரும் வீட்டுக்கார அம்மாவின் பெயரில். நாளைக்கு அவரிடம் பேசிப் பார்க்கிறேன். அயன் போட்டாலே கீழேயிருந்து சத்தம் போடுகிற மனுசி.